அத்தினையும் என்ர செருப்பு

போன மாதம் ஈஸ்ட் ஹாம் கோயில் அன்னதானத்தில நீங்கள் எல்லாரும் சிரிச்சியளே, அதைப் பற்றித்தான் சொல்லப்போறன். கோவிக்காதேங்கோ. கோவிச்சாலும் பரவாயில்லை, நான் அண்டைக்கே கோவிச்சு முடிச்சிட்டன்.

ஒரு மேசை நிறைய எங்கட வயசுக்காரர். லண்டனுக்கு வந்து, பிளேஸ்டோவிலயும் ஈஸ்ட் ஹாமிலயும் ஒண்டா வளர்ந்து, இப்ப முழங்கால் நோவும் பிரஷர் குளிசையும் கதைக்கிற ஆக்கள். கோயில் வாசலில தன்ர புதுச் செருப்பை ஆரோ மாத்திப் போட்டுக்கொண்டு போட்டினம் எண்டு ஒருத்தி புலம்பினா. உடன எங்களில ஒருத்தர் எழும்பி, நெஞ்சில கையை வச்சு, குனிஞ்சு, "ஓல் மைன், சேர்! அத்தினையும் என்ர செருப்பு, ஐயா!" எண்டு நடிச்சுக் காட்டினார். மேசை குலுங்கிச்சுது. சிரிச்சு முடிஞ்ச பிறகுதான் அந்தச் செருப்புக்காரன்ர மகள் நான் எண்டது உங்களுக்கு ஞாபகம் வந்தது. "பகிடிக்குத்தானே பிள்ளை" எண்டு ஒருத்தி என்ர கையைத் தடவினா. பக்கத்து மேசையில இருந்த கோயில் தலைவர் திரும்பிப் பார்த்து, வலு அமைதியாச் சொன்னார்: "நல்ல மனுசன். ஆனா கைநீட்டாமல் இருந்திருக்கலாம்."

நீங்கள் எல்லாரும் "ஓம் ஓம்" எண்டு தலையாட்டினியள். நான் பாயாசத்தைக் குடிச்சிட்டு எழும்பீட்டன்.

அப்பாவுக்கு 'செருப்புக்கடை' எண்டு பட்டம் வச்சது உங்கட தாய் தகப்பன்மார். வாசலில செருப்பைப் பரப்பி வச்சு, வெள்ளைக்காரப் பெடியளை வலியக் கூப்பிட்டு அடிபட்டு, ஒருத்தன்ர தாடையை உடைச்சு, ஜெயிலுக்குப் போன மனுசன். இதுதானே உங்களுக்குத் தெரிஞ்ச கதை? இதில பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்லுறன், கேளுங்கோ.

எண்பதுகளின்ர கடைசி. எனக்குப் பத்து வயசு, தம்பிக்கு அஞ்சு. பிளேஸ்டோவில கவுன்சில் பிளாற், நகரசபை வாடகைக்குக் குடுக்கிற வீடு. நாலு மாடி, ஒவ்வொரு மாடிக்கும் வெளிப்பக்கமா நீட்டுக்கு ஒரு நடைபாதை, அதில வரிசையாக் கதவுகள், எல்லாம் ஒரே பச்சை. நடைபாதை லைற் அரைவாசி எரியாது. படிக்கட்டில மூத்திர மணமும் பிளீச் மணமும் ஒண்டை ஒண்டு வெல்லப் பார்க்கும். நாங்கள் முதலாம் மாடி. எங்களுக்கு நேர மேல, ரெண்டாம் மாடியில, புதுசாக் கலியாணம் முடிச்சு வந்த ஒரு அக்கா. அவவின்ர மனுசனுக்குப் பெற்றோல் ஸ்ரேசனில பின்னேர ஷிப்ட். அக்காவுக்கு அப்ப வயித்தில பிள்ளை, இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாது. மூண்டாம் மாடியில 'பெடியள் வீடு'. எங்கட பெடியள் ஏழெட்டுப் பேர் ரெண்டு அறைக்குள்ள முறை வச்சுப் படுத்தெழும்பினவை. எல்லாருக்கும் அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆருக்கும் முடிவு வரேல்லை.

அவையில வயசு குறைஞ்சவரை நானும் தம்பியும் சின்னண்ணை எண்டு கூப்பிடுவம். ஊரில இருந்து வரேக்கை உடுப்புக்குப் பதிலாத் தோசைக்கல்லைச் சுத்திக் கொண்டுவந்த மனுசன். அவற்ற தாய் கட்டாயப்படுத்தி வச்சு விட்டதாம். ஞாயிற்றுக்கிழமை அதில தோசை சுட்டு, முதல் தோசையைத் தம்பிக்குக் கொண்டுவந்து குடுப்பார். தம்பியைத் தோளில ஏத்திக்கொண்டு நடைபாதை முழுக்க ஓடுவார். நல்ல பிள்ளை. அதை நான் இண்டைக்கும் சொல்லுவன்.

அப்பாவுக்கு பாண் பக்டரியில வேலை. விடியக் காலமை போய் மத்தியானம் வருவார். கண் இமையில மா ஒட்டியிருக்கும், சட்டையில சூட்டுப் பாண் மணக்கும். தம்பி அவற்ற கையை மணந்துகொண்டுதான் நித்திரை கொள்ளுவான். சண்டியன் எண்டு நீங்கள் சொல்லுற மனுசன், பஸ்சில ஆரும் தன்ர காலை மிதிச்சா, "சொறி" எண்டு தான் சொல்லுவார். அம்மாவுக்கு அதில பத்திக்கொண்டு வரும். "மிதிச்சவன் சும்மா நிக்கிறான், மிதி வாங்கினவர் மன்னிப்புக் கேக்கிறார். வெக்கமில்லையே உங்களுக்கு?" எண்டு பஸ்சுக்குள்ளயே பேசுவா.

அந்த பிளாற்றில வெள்ளைக்காரற்ற கதவடியில பால்போத்தில் நிக்கும். எங்கட கதவடியில செருப்பு நிக்கும். செருப்போட வீட்டுக்குள்ள போக எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எங்கட வாசலில அம்மாவின்ர செருப்பு, என்ர கறுப்புப் பள்ளிக்கூடச் சப்பாத்து, அப்பாவின்ர பக்டரிப் பூட்ஸ். அக்கான்ர வாசலில ஒரு சிவப்புக் குதிச்செருப்பு, கலியாணச் செருப்பு, அதைவிட வேற இல்லை அவவுக்கு. பெடியள் வீட்டு வாசலைப் பற்றிக் கேக்கவே வேண்டாம். அப்பா மட்டும் எங்கட வாசலில எல்லாத்தையும் முனை வெளிய பார்க்கிற மாதிரித் திருப்பி வைப்பார். வெளிக்கிட்டு வாற ஆள் குனியாமல் காலை நுழைக்கலாமாம்.

அந்தக் குளிர்காலம் மொட்டையள் வரத் துவங்கினாங்கள். உங்களுக்கும் தெரியும் ஆர் மொட்டையள் எண்டு. தலையை வழிச்சு, பெரிய பூட்ஸ் போட்டு, சனிக்கிழமை பந்தாட்டம் முடிய பியர் மணத்தோட வருவாங்கள். நாலு மணிக்கே இருட்டீடும். அந்த ஒரே மாதிரிப் பச்சைக் கதவுகளுக்குள்ள எங்களைக் கண்டுபிடிக்கிறது அவங்களுக்கு வலு சுகம். செருப்பு எங்க கிடக்குதோ அங்க நிப்பாங்கள். முதல் முட்டை எறிஞ்சாங்கள். பிறகு செருப்புக்குள்ள ஒண்டுக்கு இருந்தாங்கள். ஒரு திங்கக்கிழமை நான் அவசரத்தில பள்ளிக்கூடச் சப்பாத்துக்குள்ள காலை விட்டன், உள்ளுக்க நாய்ப்பீ. அண்டைக்கு லீவில நிண்ட அப்பாதான் துணியால தேய்ச்சுத் தேய்ச்சு என்ர விரல் இடுக்கைக் கழுவினார். அம்மா குசினிக்குள்ள நிண்டு அழுதா.

பொலிஸ்காரன் ஒருத்தன் வந்தான். இருபது வயசிருக்கும். எங்கட கம்பளத்தில பூட்ஸோட நிண்டு, செருப்பை உள்ளுக்கு எடுத்து வைச்சாப் பிரச்சினை இல்லைத்தானே எண்டான். அதிலயும் ஞாயம் இருக்கெண்டு மூண்டு வீட்டாரும் செருப்பை உள்ளுக்கு எடுத்தம்.

அடுத்த சனிக்கிழமை என்ன செய்தாங்கள் தெரியுமோ? கதவு கதவாப் போய், கடிதம் போடுற ஓட்டையைத் திறந்து, மூக்கை வச்சு மணந்து பார்த்தாங்கள். கறி மணம் எங்க வருதெண்டு. நான் உள்ளுக்க இருந்து எங்கட கதவோட்டையில அந்த மூக்கைக் கண்டன். அண்டைக்கு எங்கட வீட்டில சமையல் இல்லை, பாண்தான். தப்பீட்டம். மேல அக்கா மீன்குழம்பு வச்சிருந்தவ. பேப்பரைக் கொளுத்தி அந்த ஓட்டைக்குள்ளால தள்ளினாங்கள். கால் துடைக்கிற மிதியடி பத்தி, தொங்கின கோட் பத்தி, அந்தப் பிள்ளைத்தாச்சி அரிசி கழுவின தண்ணியையும் குழம்பையும் சேர்த்து ஊத்தி அணைச்சுப்போட்டு, கைப்பிடி சுட்ட கையோட கீழ ஓடிவந்து எங்கட வாசலில குந்தீட்டா. பல்லு அடிச்சுக்கொண்டிருந்தது. அப்பா தன்ர கோட்டை எடுத்து அவவைப் போத்தினார்.

கவுன்சிலுக்குப் போனார் அப்பா. வேற வீடு கிடைக்க வருசக் கணக்காகும் எண்டிச்சினம். பொலிசுக்குப் போனார். ஆரெண்டு பேர் தெரியுமோ, சாட்சி இருக்கோ எண்டு கேட்டினம். பெடியள் வீட்டு அண்ணைமார் கிரிக்கெட் மட்டையோட படிக்கட்டில நிக்கிறம் எண்டு வந்திச்சினம். அப்பா விடேல்லை. "எனக்கு விசா இருக்கு, உங்களுக்கு இல்லை. ஒரு அடி அடிச்சியளெண்டா அவங்களை விட்டிட்டு உங்களைத்தான் பிளேனில ஏத்துவாங்கள்" எண்டார்.

அதுக்கடுத்த சனிக்கிழமை மத்தியானம் அப்பா ஒரு அரிசிச் சாக்கோட மேல போனார். வரேக்கை சாக்கு நிறைஞ்சிருந்தது. எங்கட வாசலில கவிழ்த்துக் கொட்டினார். பெடியளின்ர தேய்ஞ்ச சப்பாத்துகள், ரப்பர் செருப்புகள், அக்கான்ர சிவப்புக் குதிச்செருப்பு, அவவின்ர மனுசன்ர வேலைச் சப்பாத்து. முனை வெளிய பார்க்க எல்லாத்தையும் வரிசையா அடுக்கினார்.

அம்மா கதவடியில வந்து நிண்டு பார்த்தா. "என்ன கோலம் இது? கண்டவன்ர செருப்பையும் கையால தூக்கிக்கொண்டு?"

"இஞ்ச இருக்கட்டும்."

"ஏன்?"

"அவங்களுக்கு ஒரு வாசல் வேணும். இவ்வளவு செருப்பைக் கண்டாங்களெண்டா இஞ்சயே நிண்டு தங்கட விளையாட்டை முடிச்சுக்கொண்டு போவாங்கள். மேல போகமாட்டாங்கள்."

"உங்களுக்கு விசரே? எங்கட பிள்ளையள்?"

"நீ பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு கொண்ணை வீட்டை போ. ராத்திரிக்கு நிண்டிட்டு நாளைக்கு வாங்கோ."

"அவளின்ர பிள்ளை உங்களுக்கு அவ்வளவு பெரிசாப் போச்சோ?"

அப்பா அக்கான்ர சிவப்புச் செருப்பைக் கொஞ்சம் முன்னுக்கு, நல்லாத் தெரியிற மாதிரித் தள்ளி வச்சார். "வயித்தில இருக்கிற பிள்ளை ஓடாது. எங்கட பிள்ளையள் ஓடுவினம்" எண்டார்.

அம்மா அந்தச் சொல்லை அவருக்கு மன்னிக்கவே இல்லை. எனக்கும் அப்ப அது சுட்டது. எங்களை ஓடவிட்டிட்டு ஆரோ ஒருத்தியின்ர பிள்ளையைப் பார்க்கிறாரெண்டு நினைச்சன்.

சனிக்கிழமை தோறும் கோலியர்ஸ் வுட்டில இருந்த அம்மான்ர தமையன் வீட்டுக்கு ரெயின் ஏறினம். மாமா கணக்காளர். வீட்டில குழைஞ்ச சோறு மாதிரி மெத்தெண்ட கம்பளம், கண்ணாடி அலுமாரிக்குள்ள பீங்கான் பொம்மையள். "வந்த இடத்தில வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்கத் தெரியாது உன்ர மனுசனுக்கு" எண்டு அம்மாவுக்குச் சொல்லுவார். "எங்கட குடும்பத்தில ஒருத்தனும் மற்றவன்ர செருப்பைத் தூக்கினதில்லை." மச்சாள்மார் என்னைக் கண்டா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பாளவை. அம்மா அங்க கோப்பை கழுவுவா.

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தா, குளிக்கிற தொட்டி முழுக்கச் செருப்பு. மொட்டையள் கீழ எறிஞ்சதை எல்லாம் அப்பா பத்தைக்குள்ளயும் குப்பைத்தொட்டிக்குள்ளயும் தேடிப் பொறுக்கிக்கொண்டு வந்திருப்பார். உடைஞ்ச யன்னலுக்குக் காட்போட் மட்டை ஒட்டியிருக்கும், கதவில துப்பல் காய்ஞ்சிருக்கும். அவர் தொட்டிக்கரையில முழங்காலில இருந்து சோப்புத்தூள் போட்டு ஒவ்வொண்டாத் தேய்ப்பார். கழுவினதை மணந்து பார்ப்பார். மணம் போகேல்லையெண்டா திரும்பத் தேய்ப்பார். பிறகு ஹீற்றருக்கு மேல வரிசையா வச்சுக் காயவிட்டு, பின்னேரம் சாக்கில போட்டு, வீட்டு வீட்டை கொண்டுபோய்க் குடுப்பார். ஈரத்தோல் மணமும் சோப்பு மணமும் மூத்திர மணமும் கலந்து ஒரு மணம். இப்பவும் மழைக்குள்ள நனைஞ்ச சப்பாத்தைக் கழட்டினா எனக்கு அந்தத் தொட்டிதான். பாண் மணம் அப்பாவின்ர கையை விட்டுப் போயிட்டுது. தம்பி அவற்ற கையைத் தள்ளிவிட்டான்.

ஆனா அப்பா நினைச்ச மாதிரித்தான் நடந்தது. அத்தினை சனிக்கிழமையும் மொட்டையள் முதலாம் மாடியோட திரும்பினாங்கள். மேல ஒரு முட்டை கூட விழேல்லை. அக்கா பிள்ளையைப் பெத்து, ஆஸ்பத்திரியால நல்லபடி வீட்டை வந்து சேர்ந்தா. பொம்பிளைப் பிள்ளை.

அந்தக் கிழமைதான் எனக்குப் பொக்குளிப்பான் போட்டுது. உடம்பெல்லாம் கொப்புளம், காய்ச்சல். அந்தக் கோலத்தில ரெயினில கொண்டுபோக ஏலாது, மாமியும் வரவேண்டாமெண்டிட்டா. அதால அந்தச் சனிக்கிழமை நாங்களும் வீட்டில. அப்பா கதவுக்குப் பின்னால ஈரச் சாக்குப் போட்டு, எங்கள் மூண்டு பேரையும் குளியலறைக்குள்ள விட்டார். "சத்தம் போடாதேங்கோ. கொஞ்ச நேரம்தான், போயிடுவாங்கள்" எண்டார்.

வந்தாங்கள். பூட்ஸ் சத்தம், போத்தில் உடையிற சத்தம், செருப்பு ஒவ்வொண்டாக் கீழ விழுற சத்தம். அந்த வசைச்சொல், எங்கள் எல்லாரையும் எந்த நாட்டுக்காரரெண்டு கேக்காமலே கூப்பிடுற சொல், கதவில அடிச்சு அடிச்சுக் கத்தினாங்கள். முடியப்போகுது, போகப்போறாங்கள் எண்டிருக்க, மேல அக்கான்ர பிள்ளை வீரிட்டு அழுதுது.

வெளிய கதவில அடிச்சது நிண்டுது. பிறகு ஒருத்தன் சிரிச்சான். மேல குட்டி ஒண்டு இருக்கெண்டு இங்கிலீஷில சொன்னான். தகரம் ஒண்டு குலுங்கிற சத்தம் கேட்டுது, லைற்றருக்கு ஊத்திற எண்ணெய்த் தகரம். பூட்ஸ் சத்தம் படிக்கட்டுப் பக்கம் திரும்பிச்சுது.

அப்பா கதவைத் திறந்தார். "நான் போனவுடன பூட்டு" எண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போட்டு, வெறுங்காலோட வெளிய போய்த் தானே கதவைச் சாத்தினார். அம்மா பூட்டிப்போட்டுக் குசினி யன்னலுக்கு ஓடினா. நானும் பின்னால ஓடினன்.

"ஹலோ! திஸ் இஸ் த ஹவுஸ்! கம் ஹியர்!" எண்டு அப்பா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். குரல் உடைஞ்சு பெட்டைக்குரல் மாதிரி வந்தது. படியில ஏறினவங்கள் நிண்டு திரும்பினாங்கள்.

நாலு பேர். அப்பா கை நீட்டேல்லை. நீங்கள் நம்பினா நம்புங்கோ, விட்டா விடுங்கோ, என்ர கண்ணால பார்த்தன். விழுத்தினாங்கள். விழுந்து கிடந்தபடி, தகரம் வச்சிருந்தவன்ர காலை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சார். அவனைப் படியேற விடாமல் பிடிச்சதுதான், வேற ஒண்டுமில்லை. விடச் சொல்லி மற்றவன் அவற்ற வலது பாதத்தை மிதிச்சான். இரும்பு வச்ச பூட்ஸ். அப்பா காலைச் சுருட்டச் சுருட்ட இழுத்து இழுத்து வச்சு மிதிச்சான். விறகு முறியிற மாதிரிக் கேட்டுது. மற்ற ரெண்டு பேரும் பந்துக்குக் கத்திற மாதிரி மிதிக்கு மிதி கத்தினாங்கள். அப்பா பிடியை விடேல்லை.

அப்பத்தான் மேலயிருந்து சின்னண்ணை ஓடிவந்தார். அவரும் வெறுங்கால், சப்பாத்து எங்கட வாசலில கிடந்ததுதானே. கையில தோசைக்கல்லு. ஒரே ஒரு அடி. மிதிச்சவன் தாடையைப் பிடிச்சுக்கொண்டு சரிஞ்சான். மற்றவங்கள் அவனையும் தகரத்தையும் விட்டிட்டு ஓடீட்டாங்கள். எங்கயோ பொலிஸ் சத்தம் கேட்டுது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி போன் பண்ணியிருந்தவ.

சின்னண்ணை கல்லோட அப்பாவுக்குப் பக்கத்தில குந்தினார். அப்பா கிடந்தபடி கையை நீட்டினார்.

"அதை இஞ்ச தா."

"அண்ணை, நான் சொல்லுறன் அண்ணை. நான்தான் அடிச்சனெண்டு சொல்லுறன்."

"விசர்க்கதை கதையாதை. உன்னைத் திருப்பி அனுப்புவாங்கள். நீ அங்க போனாச் சாவாய். நான் உள்ளுக்குப் போனா வெளிய வருவன். தா."

குடுத்தார். அப்பா அதை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கொண்டு, "மேல போ. நீ இஞ்ச வரேல்லை" எண்டார். பிறகு யன்னலில எங்களைப் பார்த்து, "ஒருத்தரும் வரேல்லை. விளங்கிச்சோ?" எண்டார். அம்மா தலையாட்டினா. நானும் ஆட்டினன்.

பொலிஸ் செருப்பெல்லாத்தையும் பொறுக்கி பிளாஸ்ரிக் பைகளில போட்டுக் கொண்டுபோயிட்டுது. என்ர பள்ளிக்கூடச் சப்பாத்தும் போட்டுது. அப்பா ஆஸ்பத்திரியில, காலுக்குள்ள இரும்பு வச்சுக்கொண்டிருக்க, பெடியள் வீட்டு ஒருத்தர் வந்து அம்மாட்டைக் கேட்டார்: "அக்கா, எங்கட சப்பாத்து எப்ப வரும்? வேலைக்குப் போகேலாமல் கிடக்கு." அம்மா கதவை அறைஞ்சு சாத்தினா. நான் அந்த மார்கழிக் குளிருக்குள்ள வெயிலுக்குப் போடுற துணிச்சப்பாத்தோட பள்ளிக்கூடம் போனன்.

அடிபட்டவனுக்கு ஆர் அடிச்சதெண்டு தெரியேல்லை. அவங்களுக்கு நாங்கள் எல்லாம் ஒரே முகம்தானே. அப்பாவைக் காட்டி இவன்தான் எண்டான். அப்பாவும் ஓமெண்டார். அங்க முடிஞ்சுது.

கோட்டுக்கு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனவ. ஒரு நீட்டு மேசையில அத்தினை செருப்பும் பையோட கிடந்தது. எதிர்ப்பக்க வக்கீல் நல்ல கெட்டிக்காரன். இவர் செருப்பை இரையா வச்சுக் காத்திருந்தவர், பெடியளை வலியக் கூப்பிட்டவர், ஆயுதத்தோட தயாரா நிண்டவர் எண்டான். பிறகு ஒவ்வொரு பையாத் தூக்கிக் காட்டி, இது ஆற்ற செருப்பு எண்டு கேட்டான். சொன்னா அந்த ஆளைத் தேடிப் போவினம். ஆள் வந்தா, ஆர் நிண்டது, ஆர் ஓடிவந்ததெண்டு கேப்பினம். அப்பாவுக்கு அது விளங்கும். ஊண்டுகோலைப் பிடிச்சுக்கொண்டு, "மைன், சேர்" எண்டார். இது? "மைன், சேர்." பெரிய சப்பாத்து, சின்னச் சப்பாத்து, ஒரு அளவுக்கு ஒண்டில்லை. கடைசியா அக்கான்ர சிவப்புக் குதிச்செருப்பைத் தூக்கினான். கோட்டே சிரிச்சுது. ஜட்ஜும் வாயைத் துடைச்சார். அப்பா நிமிர்ந்து பார்த்து, "ஓல் மைன், சேர்" எண்டார்.

மொழிபெயர்க்கவெண்டு வந்திருந்த எங்கட ஆள் ஒருத்தர் பக்கத்தில நிண்டவர். அவர்தான் அதைக் கடைகடையாக் கொண்டுபோய் நடிச்சுக் காட்டினது. அப்பிடித்தான் அது உங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் வந்தது.

மொட்டையளுக்கு எச்சரிக்கை. அப்பாவுக்கு ஜெயில். எங்கட ஆக்கள் என்ன சொல்லிச்சினம்? "வீண் வம்பை விலைக்கு வாங்கினவர். எங்கட பேரையும் கெடுத்துப்போட்டார்." மாமா எங்கட வீட்டுப் பக்கமே வரேல்லை. அக்காவும் மனுசனும் வழக்குக்கு முன்னமே வீடு மாறீட்டினம், எங்கயெண்டும் சொல்லேல்லை. பயம். கைக்குழந்தையோட பயப்பிடாமல் என்ன செய்யிறது எண்டு அப்பா சொல்லுவார், நான் சொல்லமாட்டன். பக்டரி வேலை போச்சு. அம்மா ஒபிஸ் கூட்டித் துடைக்கப் போனா.

ஜெயிலுக்குப் பார்க்கப் போனா அப்பா எங்கட சுகத்தை விசாரிச்சுப்போட்டு, மெல்லமாச் சின்னண்ணையைப் பற்றி ஒரு கேள்விதான் கேப்பார்: "சின்னவன்ர வழக்கு என்னாச்சு?" ஒரு நாள் அம்மா, "அவனுக்கு விசா குடுத்திட்டாங்களாம்" எண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னா. அப்பா சிரிச்சார். அந்த இடத்தில அவர் சிரிச்சது அண்டைக்கு மட்டும்தான். அம்மா அந்தச் சிரிப்பைப் பார்த்துப்போட்டு, வரும் வழியெல்லாம் ரெயினில அழுதா.

அப்பா வெளிய வந்த அண்டைக்குச் சின்னண்ணை வந்தார். பெட்டியோட புதுச் சப்பாத்து, கறுப்பு, நல்ல தோல். அப்பாவின்ர காலில விழப்போனார், அப்பா பிடிச்சு எழுப்பினார். வலது பாதம் வீங்கி, விரல் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிக் கிடந்தது. சப்பாத்துக்குள்ள போகேல்லை. ஆஸ்பத்திரியில குடுத்த பெரிய சப்பாத்தைத்தான் சாகும் மட்டும் அந்தக் காலுக்குப் போட்டார். இடது காலுக்கு மட்டும் சின்னண்ணை குடுத்தது. "வடிவாயிருக்கு, நல்ல பிடிப்பா இருக்கு" எண்டு சொல்லிக்கொண்டு, கெந்திக் கெந்தி நடந்து காட்டினார்.

பிறகு சின்னண்ணை கடை போட்டார். கடை ரெண்டாச்சு, நகைக்கடையாச்சு. மாதம் ஒருக்கா வந்தவர் வருசம் ஒருக்கா வந்தார், பிறகு வரேல்லை. கடை வாசலில அப்பாவைக் கண்டா உள்ளுக்குப் போயிடுவார். அப்பா பெருமையாத்தான் சொல்லுவார்: "பாத்தியே, எங்கட சின்னவன்ர கடை." அப்பாவின்ர செத்தவீட்டுக்குப் பெரிய மலர்வளையம் ஒண்டு வந்தது, ஆள் வரேல்லை. அம்மா போன வருசம் சாகேக்கையும் "சொல்லிப்போடாதை பிள்ளை, கொப்பர் குடுத்த வாக்கு" எண்டுதான் போனவ. முப்பது வருசத்துக்கு மேல சொல்லேல்லை. இப்ப அவரை ஆரும் பிளேனில ஏத்தமாட்டாங்கள். அதால சொல்லுறன்.

ஓம். உங்கட கோயில் தலைவர்தான் சின்னண்ணை. கைநீட்டாமல் இருந்திருக்கலாம் எண்டு பாயாசக் கோப்பையோட சொன்னவர். அவர் சிரிச்சிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு நொந்திராது.

அண்டைக்கு நான் எழும்பி வெளிய வந்தன். கொஞ்சத்தில அவரும் வந்தார், பின்னால நீங்கள் எல்லாரும் கதைச்சுக்கொண்டு வந்தியள். செருப்புத் தட்டில அவற்ற சப்பாத்து எதெண்டு பார்த்த உடனே தெரிஞ்சுது, கறுப்பு, நல்ல தோல். நான் அதைக் கையில எடுத்தன். முழங்கால் நோவோட குனிஞ்சு, முனை வெளிய பார்க்கத் திருப்பி, அவற்ற காலுக்கு முன்னால வச்சன்.

"ஏன் பிள்ளை இதெல்லாம்?" எண்டார்.

"இது உங்கடதானே சின்னண்ணை?" அவருக்கு மட்டும் கேக்கக் கேட்டன். "இல்லை, இதுவும் அப்பாவின்ரயோ?"

அந்தப் பேரை அவர் கேட்டு எத்தினை வருசமோ. முகம் வெளிறிப்போச்சு. குனிஞ்சு சப்பாத்து நூலைக் கட்டத் துவங்கிப்போட்டு விட்டிட்டார். கட்டாத நூல் நிலத்தில இழுபடப் போய்க் காரில ஏறினார்.

நீங்கள் வாசலில நிண்டு பார்த்துக்கொண்டிருந்தியள். ஒருத்தி வந்து என்ர தோளைத் தட்டி, எல்லாருக்கும் கேக்கச் சொன்னா: "பெரிய மனுசருக்கு மரியாதை குடுக்கத் தெரிஞ்ச பிள்ளை. தகப்பனைப் போல இல்லை."